ஆலிஸ் கோச்மேன்

ஆலிஸ் கோச்மேன் (நவம்பர் 9, 1923 – ஜூலை 14, 2014) அமெரிக்கத் தடகள வீராங்கனை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் உயரம் தாண்டுதலில் வென்றவர். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் இவரே.

ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில், பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். இனப்பிரிவினை நிலவிய அவ்வூரின் பொதுத் திடல்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. மண்சாலையில் வெறுங்காலோடு ஓடியும், கயிற்றையும் கந்தலையும் கட்டித் தாண்டியும் பழகினார். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பது தந்தையின் எண்ணம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை கோரா பெய்லி ஊக்கம் தந்தார்.

1939இல் அலபாமாவின் டஸ்கீகி பள்ளி உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. அதற்கு ஈடாகத் திடலைப் பராமரிக்கவும் அணியின் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1948 வரை, தேசிய உயரம் தாண்டுதல் பட்டத்தை ஆண்டு தவறாமல் பத்து முறை வென்றார். 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் போரால் நின்றுபோயின. அவருடைய உச்ச ஆண்டுகள் அவற்றோடு போய்விட்டன என்றே சொல்ல வேண்டும். லண்டனுக்குப் போனபோது முதுகுவலி வேறு.

வெம்ப்ளி அரங்கில் அவரும் பிரிட்டனின் டோரதி டைலரும் 1.68 மீட்டர் தாண்டினர். கோச்மேன் முதல் முயற்சியிலேயே தாண்டியிருந்ததால் தங்கம் அவருக்குக் கிடைத்தது. பதக்கத்தை அணிவித்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். அந்த ஒலிம்பிக் தடகளத்தில் தங்கம் வென்ற ஒரே அமெரிக்கப் பெண்ணும் அவர்தான்.

நாடு திரும்பியவரை அதிபர் ட்ரூமன் சந்தித்தார். அட்லாண்டாவிலிருந்து ஆல்பனி வரை சுமார் 280 கிலோமீட்டருக்குக் கார் ஊர்வலம் நடந்தது. ஆனால் சொந்த ஊர்ப் பாராட்டு விழாவில் வெள்ளையர் ஒருபுறம், கறுப்பினத்தவர் ஒருபுறம் என்றே அமர வைத்தார்கள். மேடையில் இருந்த வெள்ளையின மேயர் அவருக்குக் கைகொடுக்கவில்லை. விழா முடிந்ததும் கோச்மேன் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வெளியேற வேண்டியிருந்தது. மன்னர் கையால் பெற்ற பதக்கத்துக்கும் அங்கே அவ்வளவுதான் மதிப்பு.

24 வயதில், அந்த வெற்றியோடு போட்டிகளை விட்டார். 1949இல் ஆல்பனி அரசுக் கல்லூரியில் மனையியல் பட்டம் பெற்று, ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். 1952இல் கோகோ-கோலா விளம்பரத்தில் தோன்றினார். உலகெங்கும் விற்பனையாகும் ஒரு பொருளுக்கு விளம்பர முகமான முதல் கறுப்பின அமெரிக்க வீராங்கனை என்ற பெயர் அவருக்கு உண்டு. 1975இல் அமெரிக்கத் தடகளப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது, ஒலிம்பிக் வரலாற்றின் தலைசிறந்த நூறு பேருள் ஒருவராகச் சிறப்பிக்கப்பட்டார். 90 வயதில் ஆல்பனியிலேயே காலமானார்.