கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000 உதவி: பெட்டகத்தில் என்னென்ன இருக்கு? பிக்மி எண் ஏன் முக்கியம்?

நாள் தள்ளிப்போனதும் முதலில் பார்க்க வேண்டியது கிராம சுகாதார செவிலியரைத்தான். உத்திரமேரூர் பக்கத்து காவாந்தண்டலமாக இருந்தாலும் சரி, சென்னையாக இருந்தாலும் சரி, 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிடணும். அது இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்காது.

ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு இந்த உதவி உண்டு. வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். ரூ.14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். மீதி ரூ.4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்து பெட்டகங்கள்.

சத்துமாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், புரோட்டீன் பிஸ்கட், இரும்புச்சத்து டானிக், பூச்சி மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். நெய்யும் பிஸ்கட்டும் வீட்டில் ஆளுக்குக் கொஞ்சமாகக் கரைந்துபோவது வழக்கம்தான். ஆனால் அது வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொடுத்தது!

டானிக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். சிலர் பயந்து நிறுத்திடுறாங்க. அது இயல்புதான், தொடரலாம். டீ, காபியோடு மட்டும் குடிக்காதீங்க, சத்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் வேறு நேரத்தில் போடுங்க. பூச்சி மாத்திரை முதல் மூன்று மாதத்தில் கூடாது. எப்போது போடணும்னு நர்ஸ் சொல்வார்.

முகம் வீங்குதா, கடும் தலைவலியா, கண் மங்குதா, ரத்தம் படுதா, குழந்தை அசைவு குறையுதா? விடியட்டும்னு காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.