கியர் லீவர் ஏன் நடுங்குது? ஒரு இறப்பர் வளையத்தின் வரலாறு

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் எங்களில் ஒருவரின் மாமா ஒரு பழைய மாருதி 800 வைத்திருக்கிறார். கியர் லீவர் லொடலொடவென்று ஆடுகிறது என்று போன வருஷம் புஷ் மாற்றினார். ஆட்டம் நின்றது. ஆனால் அன்று பின்னேரமே லீவர் நடுங்கத் தொடங்கிவிட்டது. கை வைத்தால் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. பழைய புஷ்ஷோடு ஓடியபோது இந்த நடுக்கம் இல்லை.

கராஜில் கியர்பொக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். இறக்கினால் சில நாளைக்கு கார் இல்லை. ராத்திரியில் லயத்தில் யாருக்காவது வயிற்றுவலியோ பிரசவ வலியோ வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வண்டி அதுதான். "கியர்பொக்ஸுக்கு காசு குடுத்தா வீட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது தம்பி" என்றார் மாமா.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். ஸ்பேனர் பிடிக்கவும் சரியாகத் தெரியாது. ஆனால் வரலாறு படிக்கிற பழக்கதோஷத்தில் ஒரு கேள்வி வந்தது: இந்தச் சின்ன வளையம் காருக்குள் எப்போது, எதற்காக வந்தது?

தொடக்ககாலக் கார்களில் எஞ்சினை நேராகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் நடுங்கினால் கார் முழுவதும் நடுங்கும், அதை யாரும் பழுது என்று சொல்லவில்லை. 1931இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை இறப்பர் மவுண்டிங் மேல் உட்கார வைத்தது. 'மிதக்கும் சக்தி' என்று அதற்கு விளம்பரப் பெயர். எஞ்சின் தன்பாட்டுக்கு ஆடட்டும், ஆட்டம் ஆட்களுக்குப் போகாமல் இருந்தால் சரி என்பதுதான் யோசனை. அடுத்த வருஷமே பிரான்சின் சித்ரோன் அதே முறையை எடுத்துக்கொண்டது.

சிக்கல் என்னவென்றால், எஞ்சினை ஆட விட்டால் அதோடு ஒட்டியிருக்கிற கியர் லீவரும் ஆடும். 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பொக்ஸை அதன் அடியிலேயே அடக்கினார்கள். ஆரம்ப மினிகளில் நீண்ட லீவர் நேராகக் கியர்பொக்ஸுக்குள்ளேயே போகும். எஞ்சின் சிலிர்த்தால் லீவரும் சிலிர்க்கும். பிறகு 1973இல் தண்டுகள் வழியாகக் கியர் மாற்றும் அமைப்பு வந்தது, லீவர் இருக்கும் பகுதியைக் காரின் அடித்தட்டோடு இறப்பர் வைத்துப் பொருத்தினார்கள். மாருதி 800இலும் எஞ்சின் குறுக்காகத்தான் இருக்கிறது, லீவர் தள்ளி இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் தண்டுகள், தண்டுகளில் புஷ்.

இதைப் படித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. புஷ்ஷுக்கு ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. தண்டை இடம் விட்டு நகராமல் பிடிக்க வேண்டும், எஞ்சினின் நடுக்கத்தையும் வழியிலேயே விழுங்க வேண்டும். முதல் வேலைக்குக் கடினம் வேண்டும், இரண்டாவதற்கு மென்மை வேண்டும். மாமாவுக்கு இறப்பர் புஷ் கிடைக்கவில்லை. லேத்தில் நைலோன் கடைந்து போட்டிருக்கிறார்கள். அது பிடிக்கும், விழுங்காது.

ஆனாலும் அது மட்டும் காரணமா? அந்தளவு நடுக்கம் எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு உட்கார்ந்து பார்த்தோம். காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுத்தோம். ஓடாத காரிலேயே லீவர் நடுங்கியது, ரேஸ் ஏற ஏற நடுக்கமும் மாறியது. அப்படியென்றால் சில்லிலோ அக்சிலிலோ கோளாறு இல்லை. கிளட்சை மிதித்தோம், வித்தியாசமே இல்லை. கிளட்சை மிதித்தால் கியர்பொக்ஸுக்குப் போகிற சுழற்சி அறுந்துவிடும், அப்போதும் நடுக்கம் குறையவில்லை என்றால் கியர்பொக்ஸின் உள்பக்கத்தைச் சந்தேகப்படத் தேவையில்லை. கடைசியாக மாமா ஜக்கின் மேல் பலகைத் துண்டு வைத்து கியர்பொக்ஸின் அடியில் கொடுத்து, கொஞ்சமாக, ஒரு விரல் அளவுகூட இல்லை, தூக்கினார். நடுக்கம் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது.

அந்தப் பக்கத்து மவுண்டிங்கில் இறப்பர் இரும்பை விட்டுக் கழன்றிருந்தது. பல மாதமாகவே அப்படி இருந்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே இரண்டு முனையும் மாறி மாறி ஏறி இறங்கப் பார்க்கும், மவுண்டிங் செத்த பிறகு அதைத் தடுக்க ஆளில்லை. பழைய தேய்ந்த புஷ்ஷின் லொடலொடப்புதான் அந்த ஆட்டத்தை லீவருக்கு வராமல் மறைத்துக்கொண்டிருந்தது. புதுப் புஷ் பழுதை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. கராஜ்காரர் மேல் கோபம் வந்ததென்னவோ உண்மை, ஆனால் மாமாவே அவரைத் திட்டவில்லை.

கழற்றிய மவுண்டிங்கை அம்மாயி வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பால் வெட்டியவர். "ஒட்டுப்பால் மாதிரி காஞ்சி போச்சே" என்றார். மவுண்டிங்குகளுக்கு இன்றைக்கும் பெரும்பாலும் இயற்கை இறப்பரைத்தான் எடுக்கிறார்கள், ஓயாமல் நசுங்கி விரிந்தாலும் சீக்கிரம் வெடிக்காது என்பதால். அந்த மரம் 1876இல் இலங்கைக்கு வந்தது. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த நாற்றுகளில் சுமார் 1,900 இங்கே அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத்துக்கு இறப்பர் தேவைப்பட்டபோது களனிப் பள்ளத்தாக்கு முழுக்க அந்த மரம் ஏறியது, வெட்ட எங்கள் ஆட்களும் வந்தார்கள். 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்ததும் நேசநாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இயற்கை இறப்பர் நாடுகளில் ஒன்று இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை உரித்துப் பால் எடுக்க வைத்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1948 குடியுரிமைச் சட்டம் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாங்கள் புரட்டிய கார் வரலாறுகளில் கிறைஸ்லரும் இசிகோனிஸும் பெயரோடு இருக்கிறார்கள். பால் வெட்டியவர்கள் 'மூலப்பொருள்' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டார்கள்.

மவுண்டிங் கிடைக்கப் பத்து நாள் ஆனது. அதுவரைக்கும் மாமா அந்த நைலோன் புஷ்ஷோடுதான் ஓட்டினார். இடையில் ஒரு ராத்திரி அவிசாவளை ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரசவக் கேஸும் போய் வந்தது, தாயும் பிள்ளையும் நலம். மவுண்டிங் மாற்றி, பிறகு இறப்பர் புஷ்ஷும் தேடிப்பிடித்துப் போட்டபின் மூன்றாவது கியரில் மட்டும் இன்னும் லேசாக ஒரு கிர்ர் இருக்கிறது. அது எஞ்சினோட சொந்தக் குரல், இருந்துட்டுப் போகட்டும் என்கிறார் மாமா.