வீடியோ கேம் வன்முறையைத் தூண்டுகிறதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

மாணவன் கத்தி எடுத்தான் என்ற செய்தி வந்தாலே, ‘எல்லாம் கேம் செய்த வேலை’ என்ற பேச்சு எழுகிறது. இந்த விவாதம் சூடுபிடித்தது 1999இல். அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடத்திய இரு மாணவர்களும் ‘டூம்’ என்ற சுடும் விளையாட்டில் மூழ்கியவர்கள் எனத் தெரியவந்தது.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வன்முறை விளையாட்டுகளை விற்கக் கலிஃபோர்னியா மாநிலம் விதித்த தடையை, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இவ்விளையாட்டுகளே சிறுவர்களை முரடர்களாக்குகின்றன என்பதை ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம்.

உளவியலாளர்கள் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனம் ஒன்று. ஆளைத் தாக்கும் குற்றம் மற்றொன்று. முதலாவதுடன் சிறிய தொடர்பு உண்டு, ஆனால் இரண்டாவதற்கு விளையாட்டைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியல்ல என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நிலைப்பாடு. 14, 15 வயதுடைய 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்து ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வோ, முரட்டுத்தனத்துடன்கூடத் தொடர்பு காணவில்லை.

பழியை விளையாட்டின்மேல் போட்டுவிட்டால், அப்பிள்ளை வீட்டில் வாங்கிய அடி, பள்ளியில் பட்ட பகடிவதை, யாரிடமும் சொல்லாத மனச்சோர்வு ஆகியவற்றை விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அதற்காக எல்லா விளையாட்டும் எல்லா வயதுக்கும் ஏற்றதாகிவிடாது. சிங்கப்பூரில் 2008 முதல் 16, 18 வயதுக் குறியீடுகள் உள்ளன. வாங்கிக் கொடுக்கும் முன் குறியீட்டைப் பாருங்கள். பிள்ளை விளையாடும்போது சற்று நேரம் அருகில் உட்காருங்கள்.