மழை நகரத்துக்குப் போகிறவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு தயாரிப்புக் குறிப்பு

திருகோணமலையில் ஒரு வருடத்தில் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மழைக்குப் பேர்போன மான்செஸ்டரில் பெய்வது ஏறக்குறைய 850 மில்லிமீற்றர்தான். அதைவிட ஈரமான கிளாஸ்கோவும் கார்டிஃபும்கூட எங்களுடைய அளவை எட்டுவதில்லை. ஆனாலும் உட்துறைமுக வீதியிலும் உப்புவெளியிலும் பெட்டி கட்டிக்கொண்டு போன பலர் முதல் மாதத் தொலைபேசி அழைப்பில் சொல்வது ஒன்றையேதான்: "இந்த மழையைத் தாங்க ஏலாமல் கிடக்கு."

கடந்த சில வருடங்களில் இப்படிப் போனவர்களோடும், போகக் காத்திருப்பவர்களோடும், அவர்களை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோரோடும் பேசியிருக்கிறேன். விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் மாதக்கணக்கில் ஓடித்திரிகிறவர்கள், காலநிலையைப் பற்றி யோசிப்பது பெட்டியில் கடைசியாக ஒரு ஸ்வெட்டரை வைக்கும்போதுதான். அங்கே போனபின் உடம்பும் கைக்காசும் கரைவதற்கு அந்தக் காலநிலையும் ஒரு காரணம். அவர்கள் சொன்னவற்றையும் நான் தேடி உறுதிப்படுத்தியவற்றையும் சேர்த்து இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

யார், எங்கே போகிறார்கள்

பிரித்தானியத் தமிழர் என்றால் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் என்று லண்டன் பகுதிகளே நினைவுக்கு வரும். லண்டனில் மழை வருடத்துக்கு 600 மில்லிமீற்றர் அளவில்தான். ஆனால் போகிற எல்லோருக்கும் லண்டன் அமைவதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தங்குமிட உதவி கேட்கும் புகலிடக் கோரிக்கையாளர்களை அரசாங்கம் லண்டனுக்கு வெளியே பல நகரங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. அதில் கிளாஸ்கோவும் வடமேற்கு இங்கிலாந்தும் முக்கியமானவை. எந்த ஊர் என்பதை அவர்கள் தெரிவுசெய்ய முடியாது. மாணவர்களும் பராமரிப்புப் பணிக்குப் போனவர்களும் இதே நகரங்களில் இருக்கிறார்கள்.

2021 அக்டோபரில் டியேகோ கார்சியா தீவில் கரைசேர்ந்த ஈழத் தமிழர்கள் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே கூடாரங்களில் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் 2024 டிசம்பரில் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வெப்பவலயத் தீவொன்றிலிருந்து நேராக மாரிக்காலத்தின் தொடக்கத்தில் போய் இறங்கினார்கள். தயாராக நேரம் கிடைத்தவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்ல இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் விசா வழி 2025 ஜூலை 22உடன் மூடப்பட்டுவிட்டது. இப்போதும் "கெயார் விசா எடுத்துத் தாறம்" என்று காசு கேட்பவரிடம் காணியை அடகுவைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

மழை ஒன்றல்ல

எங்களுக்கு மழை கொண்டல் காற்றோடு கிழக்கிலிருந்து வருகிறது. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை வருடத்து மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காய்ந்த காற்று. அது வீசினால் மழை இல்லை. பிரித்தானியாவில் இது தலைகீழ். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் மேற்குக் காற்றே ஈரத்தைச் சுமந்துவருகிறது. மேற்குக் கரை நகரங்களிலும் மலைகளின் மேற்குப் பக்கத்திலும் அதை இறக்குகிறது. அதனால்தான் மான்செஸ்டர் லண்டனைவிட ஈரமாக இருக்கிறது.

அந்த மழைக்குத் தனிப் பருவமில்லை. மான்செஸ்டரில் வருடத்தில் 140 முதல் 150 நாட்கள் வரையும், கிளாஸ்கோவில் 170 நாட்கள் அளவிலும் மழை பெய்கிறது. பெரும்பாலும் தூறல். எங்கள் மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்து துவட்டிக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடித்தால் சரியாகிவிடும்; அப்போதும் வெளியே 25 பாகை இருக்கும். அங்கே ஜனவரியில் பகலில் 7 பாகை, இரவில் 2 பாகை. அந்தக் குளிரில் ஈர உடுப்போடு அரைமணி நேரம் பஸ்ஸுக்கு நிற்பதுதான் உடம்பை முறிக்கிறது. அளவு பாதியாக இருந்தும் அந்த மழை கடினமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

உடுப்பு: எதை இங்கே, எதை அங்கே

மூன்று அடுக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஜக்கெட். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட இது நல்லது. பஸ்ஸுக்குள்ளும் கடைக்குள்ளும் சூடாக இருக்கும். கழற்றிப் போட வசதி வேண்டும்.

பருத்தி எங்கள் வெயிலுக்கு நல்லது. அங்கே அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உடம்பிலேயே ஒட்டிக் கிடக்கும். டெனிம் காற்சட்டை நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. உள்ளாடை பொலியெஸ்டரில் அல்லது கம்பளியில் இருக்கட்டும்.

இங்கே வாங்கக்கூடியவை உள்ளாடை, ஃப்ளீஸ், காலுறை, கையுறை, தொப்பி. கொழும்பில் ஏற்றுமதி மிச்ச உடுப்பு விற்கும் கடைகளிலும் நுவரெலியாச் சந்தையிலும் குளிர் உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும். ஜக்கெட் வாங்கும்போது உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். தையல்களின்மேல் நாடா ஒட்டியிருந்தால் அது மழையைத் தாங்கக்கூடும். நாடா இல்லாவிட்டால் தூறலைச் சிறிது நேரம் தாங்கும், அவ்வளவுதான். நல்லது கிடைக்கவில்லை என்றால் அந்தக் காசை வைத்திருந்து அங்கே வாங்குங்கள். அங்கே தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய உடுப்புக் கடைகள் எல்லாப் பட்டினங்களிலும் உண்டு. அவற்றில் வாங்குவதில் வெட்கமில்லை, அங்குள்ளவர்களும் வாங்குகிறார்கள்.

குடையை நம்ப வேண்டாம். காற்று அதை முதல் வாரத்திலேயே திருப்பிவிடும். தலைமூடி உள்ள ஜக்கெட்டே குடை.

சப்பாத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பு வேலை செய்யும் மூதூர்ப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கால் காய்ஞ்சிருந்தால் மற்றதெல்லாம் சமாளிக்கலாம்." அடியில் ஆழமான பிடிப்புள்ள, தண்ணீர் புகாத ஒரு சோடி வேண்டும். பையில் எப்போதும் ஒரு சோடி உலர்ந்த காலுறை இருக்கட்டும். மழைக்குப் பிறகு இரவில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால், நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் உறைந்திருக்கும். காலையில் சிறிய அடிகளாக வைத்து, பாதத்தை முழுதாகப் பதித்து நடவுங்கள்.

வீட்டுக்குள் வரும் ஈரம்

வெளியே பெய்யும் மழையைவிட வீட்டுக்குள் சேரும் ஈரம் ஆபத்தானது. குளிர் சுவரில் நீராவி படிந்து, அதில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். 2020 டிசம்பரில் மான்செஸ்டருக்கு அருகே உள்ள ரொச்டேலில், சூடானிலிருந்து வந்த பெற்றோரின் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவுசெய்தது. தகப்பன் பலமுறை முறைப்பாடு செய்திருந்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணம் என்று வீட்டை நிர்வகித்தவர்கள் கருதியிருந்ததும் பின்னர் வெளிவந்தது.

அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் சீர்செய்ய வேண்டும். பாரதூரமான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் வந்து பரிசோதிக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை விரிவாக்க 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

ஆகவே வீட்டுக்குள் போகும் முதல் நாளே சுவர், யன்னல், அலுமாரியின் பின்புறம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பூஞ்சணம் கண்டால் வாயால் சொல்லிவிட்டு விடாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள்; திகதி பதிவாகும். பதில் இல்லை என்றால் உள்ளூராட்சிச் சபையின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய தொண்டு நிறுவனங்கள் இலவசமாக ஆலோசனை சொல்லும். முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று பயந்து பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அதிகாரியைக் கண்டால் வாய் மூடும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் வீட்டைத் திருத்தித் தரக் கேட்பது குற்றமல்ல.

எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவையும் உண்டு. புட்டும் இடியப்பமும் அவிக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி, காற்று இழுக்கும் விசிறியைப் போடுங்கள். குளித்தபின் யன்னலைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். உடுப்பைப் படுக்கையறையில் காயப்போட வேண்டாம். கட்டிலையும் அலுமாரியையும் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். காலையில் யன்னல் கண்ணாடியில் நிற்கும் தண்ணீரைத் துடையுங்கள்.

சூடும் செலவும்

வீட்டை 18 பாகையிலாவது வைத்திருக்கும்படி அங்கே சுகாதாரத்துறை சொல்கிறது. திருகோணமலையில் விடியற்காலையில்கூட அவ்வளவு இறங்குவது அபூர்வம். ஆகவே அவர்களுக்குப் போதுமான சூடு எங்களுக்குக் குளிராகத்தான் இருக்கும். வீட்டுக்குள்ளும் ஃப்ளீஸும் காலுறையும் போட்டுப் பழகுங்கள்.

ஒஃப்ஜெம் என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பு எரிசக்திக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அது ஓர் அலகின் விலைக்கும் நாளாந்த நிலையான கட்டணத்துக்குமான வரம்பு. நீங்கள் எவ்வளவு பாவிக்கிறீர்களோ அவ்வளவுக்குக் காசு ஏறும். முற்பணம் போடும் மீற்றர் உள்ள வீடென்றால், பாவிக்காத நாளிலும் நிலையான கட்டணம் கழியும். கடும் குளிருக்கு அரசாங்கம் கொடுக்கும் கொடுப்பனவு குறிப்பிட்ட உதவித்தொகை பெறுவோருக்கு மட்டுமே. வேலை, மாணவர் விசாவில் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது கிடையாது. எனவே நவம்பர் முதல் மார்ச் வரையான கட்டணத்தை, ஊருக்கு அனுப்பும் காசைக் கணக்குப் பார்க்கும் முன்பே ஒதுக்கிவிடுங்கள். பகலில் போயிருக்கப் பொது நூலகங்கள் உண்டு; சூடாக இருக்கும், காசில்லை.

எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய வேண்டாம். மூடிய அறையில் அதிலிருந்து வரும் காபனோரொக்சைட்டு மணமே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

இருட்டு, உடம்பு, மனம்

டிசம்பர் கடைசியில் மான்செஸ்டரில் பகல் ஏழரை மணி நேரம்தான். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். நாள் முழுக்கக் கட்டிடத்துக்குள் வேலை செய்பவர் வாரக்கணக்கில் வெயிலைக் காணமாட்டார். எங்கள் தோலுக்கு விற்றமின் டி உண்டாக அதிக வெயில் தேவை. அதனால் தெற்காசியர் போன்ற கருமையான தோலுள்ளவர்கள் வருடம் முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கும்படி அங்கே தேசிய சுகாதார சேவை ஆலோசனை சொல்கிறது. மற்ற மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் எடுங்கள்.

போரில் காயப்பட்டவர்கள் பலர், செல்துண்டு கிடக்கும் இடமும் பழைய முறிவும் குளிரில் வலிப்பதாகச் சொல்கிறார்கள். செயற்கைக்கால் போட்டவர்களுக்கு ஈரத்தால் தோல் உரசிப் புண்படலாம். இங்கிருந்து போகும் முன் பழைய மருத்துவப் பதிவுகளை ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள். போய் முதல் வாரத்திலேயே குடும்ப வைத்தியரிடம் பதிந்து, காயத்தைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நவம்பர் 5 இரவு நாடெங்கும் வாணவெடி கொளுத்துவார்கள். அதற்கு முன்னும் பின்னும் சில இரவுகள் தொடரும். இருட்டிலும் மழையிலும் திடீரென்று கேட்கும் அந்தச் சத்தத்தில் கட்டிலுக்குக் கீழே ஒடுங்கியதாக ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். திகதி முன்பே தெரிந்தால் அன்று தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்ளலாம். நவம்பர் எங்களுக்கு ஏற்கெனவே கனத்த மாதம். நித்திரை வராமல், எழும்ப மனமில்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மத்தியான இடைவேளையில் மழை தூறினாலும் வெளியே இருபது நிமிடம் நடப்பது பலருக்கு உதவியிருக்கிறது.

எச்சரிக்கை நிறங்கள்

2020 டிசம்பர் 2 இரவு புரெவி எங்கள் கரையைக் கடந்தபோது வானொலியைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தோம். அங்கே வானிலை அலுவலகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் பயணத்துக்கு முன் பஸ், ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள். செம்மஞ்சள் என்றால் முடிந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். சிவப்பு என்றால் உயிராபத்து, வெளியே போகாதீர்கள். அவர்களுடைய செயலியைத் தொலைபேசியில் இறக்கி, உங்கள் ஊரைப் பதிந்துவிடுங்கள்.

போகும் முன் சரிபார்க்க

• மாதத்தைத் தெரிவுசெய்ய முடிந்தால் ஏப்ரலுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் போங்கள். உடம்பு பழக நேரம் கிடைக்கும்.
• செப்டெம்பருக்குப் பிறகு போவதென்றால் ஜக்கெட்டும் தண்ணீர் புகாத சப்பாத்தும் கைப்பையோடு இருக்கட்டும். பெட்டி வரத் தாமதமானாலும் நீங்கள் நனையக்கூடாது.
• மருத்துவப் பதிவு, மருந்துச் சீட்டு, கண்ணாடி அளவு ஆகியவற்றின் ஆங்கிலப் பிரதிகள்.
• முதல் மாரிக்கு ஒதுக்கிய காசு.
• அந்த ஊரில் ஒரு தமிழரின் தொலைபேசி இலக்கம்; கோயில், தேவாலயம், பள்ளிவாசல், தமிழ்ப் பாடசாலை, எது வழியாகவாவது.

அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்களுக்கும் ஒன்று. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்கும், ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னுக்கும் மாற்றுவார்கள். கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மாரியில் ஐந்தரை. எங்களுக்கு இரவு பத்து மணி ஆகும்போது, மாரியில் அங்கே பின்னேரம் நாலரை, இருட்டிவிட்டிருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும்போது "காசு அனுப்பினியா" என்பதற்கு முன் "சாப்பிட்டியா, வீடு சூடாய் இருக்கா" என்று கேளுங்கள்.