தேக்குக் கலமும் மேற்பூச்சும்: ‘திருகோணமலை’ என்னும் போர்க்கப்பல் பற்றிய ஒரு நோக்கு

1817 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆந் திகதி பம்பாயிற் கடலில் இறக்கப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலொன்று நமது திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலுள்ள ஹாட்டில்பூலில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கின்றது. இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் ஒரு மரக்கலம் அழியாதிருப்பது எவ்வாறு என்னும் வினா ஆராயற்பாலது.

பார்சி வமிசத்தவரான ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் அக்கப்பல் உருவாயிற்று. நெப்போலியனோடு நிகழ்ந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவிட்டமையே பிரித்தானியக் கடற்படை பம்பாயை நாடியமைக்குக் காரணமாகும். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பொருள் இரும்பாணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ ஆணியையும் காக்கும், கரையானையும் விலக்கும். (‘தேக்கு’ என்னும் நம்மவர் சொல்லே போர்த்துக்கேயர் வாயிலாக ஆங்கிலத்தினுட் புகுந்தது.)

ஆயின் மரத்தைக் காக்கும் அவ்வெண்ணெயே மேற்பூச்சுக்குப் பகையாகின்றது. கைப்பிடிச் சட்டங்கள், விளிம்புப் பலகைகள் முதலான வெளிப்புறத் தேக்கிற் பூசப்படும் வார்னிஷ் எளிதிற் பற்றுவதில்லை. எண்ணெய்ப் பசையைக் கரைப்பான் கொண்டு துடைத்து, முதற் பூச்சை நீர்க்கச் செய்து ஊறவிட்டு, பின்னர் பல படைகள் பூசினாலே அது நிலைக்கும். வெயிலால் அப்படை வெடிக்குமிடத்து நீர் உட்புகுந்து கறுப்புத் திட்டுக்களை உண்டாக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் முதலில் அழகிய செந்நிறத்தைக் காண்பர். ஈரமான காலநிலையில் அதுவே பூஞ்சணத்துக்கு உணவாகி மரத்தைக் கறுக்கச் செய்யும். ஒன்றும் பூசாதுவிட்டாலோ, மரநார்களைப் பிணைக்கும் இலிக்னின் வெயிலிற் சிதைந்து, மேற்பரப்பு வெள்ளிச் சாம்பல் நிறமடையும். இச்சாம்பல் நிறத்தை அழிவின் அறிகுறியெனக் கொள்வது தவறு. மேற்றோல் மட்டுமே மாறுகின்றது. உள்மரம் நெடுங்காலம் உறுதியாகவே இருக்கும். அந்நிறத்தைப் போக்கக் கருதித் தேய்ப்பதே பெருங்கேடு. ஒவ்வொரு தேய்ப்பிலும் மென்பகுதி கரைந்து, பலகை மெலிகின்றது. மாலுமிகள் முழந்தாளிட்டு மணற்கல்லாற் கப்பற்றளங்களைத் தேய்த்த அக்காலக் கடற்படை வழக்கம், தூய்மையைப் பலகையின் தடிப்பைக் கொடுத்து வாங்கிய வழக்கமே எனலாம்.

‘திருகோணமலை’யைக் காத்தது பூச்சன்று. 1819 இல் போட்ஸ்மத்தை அடைந்த அக்கப்பல் போரின்மையாற் பாய்மரங்கள் களையப்பட்டு, மேலே கூரை வேயப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டது. 1847 இலேயே அது முதன்முறையாகச் சேவைக்குச் சென்றது. மேற்பூச்சுக்கள் எல்லாவற்றினும் கூரையே சிறந்ததென்பது என் துணிபு. பிற்காலத்தில் ‘பூட்ராயன்’ என்னும் பெயருடன் இளைஞர் பயிற்சிக்கலமாக நின்றபோது அதற்குத் துணைநின்ற ‘இம்பிளாக்கபிள்’, பதினேழு ஆண்டுகளே மூத்தது. உளுத்துப்போன அக்கலத்தைச் செப்பனிடப் பணமில்லாமையால் 1949 டிசெம்பர் 2 இல் கடலில் மூழ்கடித்தனர். தேக்குக் கப்பலோ 1990 தொடங்கி 2001 வரை ஹாட்டில்பூலிற் செப்பனிடப்பட்டது. 1992 இல் பழைய பெயரையும் மீளப்பெற்றது. அதன் உடலிற் பாதிக்கு மேற்பட்டது பழைய மரமே.

இவ்வெற்றிக்கு விலை கொடுத்தது மலபார்க் காடு. கடற்படைக்குத் தேக்கு கிடைப்பதை உறுதிசெய்ய 1806 இல் கப்டன் வாட்சன் காட்டுக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். ‘காப்பு’ என்னும் பெயரில் நடந்தது, மரத்தின் மீது கும்பனியார் கொண்ட தனியுரிமையே. மர உடைமையாளரும் வணிகரும் வெறுப்புற்றனர். 1823 இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. வெட்டப்பட்டவற்றுக்கு ஈடாகத் தேக்கு நடும் முயற்சியை மலபார்க் கலெக்டர் கொனொலி நிலம்பூரில் 1840களிலேயே தொடங்கினார். அவர் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்த வேளையில், அக்காடுகளை வெறுமையாக்கிய அதே அவசரத்திற் கட்டப்பட்ட ‘திருகோணமலை’ ஒரு நாளும் போர்ப்பணி காணாது, போட்ஸ்மத்திற் கூரையின் கீழ்க் கிடந்தது.