பெரம்பலூரில் ஓடும் ஒரே ரயில்

பெரம்பலூர் ஊருக்கு ரயில் கிடையாது. 1995-இல் தனி மாவட்டமாகித் தலைநகர் ஆன பிறகும் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். இந்த ஊரில் ஒரு ரயில் ஓடுகிறது என்றால் அது என் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில்தான். பத்தடி நீளம், இரண்டரை அடி அகலம் உள்ள பலகையின் மேல், பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தில், கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடுகிறது.

"இந்த வயதில் பொம்மை ரயிலா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பொம்மையிலும் சரித்திரம் இருக்கிறது.

என் இளமைக்காலம் காரைக்காலில். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-இல் மீட்டர்கேஜ் பாதை வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாதை அது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். உடன் படித்தவன் ஒருவனின் தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். விடுப்பில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ழுவெஃப் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ரயில்: ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள், ஒரு வட்டத்துக்கான தண்டவாளம், அட்டையில் செய்த ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன் முகப்பில் 'கார்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அந்த மொழியில் ரயில் நிலையத்துக்கு அதுதான் சொல். பக்கத்துத் தெருப் பையன்களுக்கு நாங்கள் படித்துக் காட்டினால், "ரயிலுக்குப் போய்க் காருன்னு எழுதியிருக்கானுவளே" என்று சிரிப்பார்கள். அந்தப் பெட்டியை நான் தொட்டது மொத்தம் நான்கைந்து தடவை இருக்கும். ஆசை மட்டும் அறுபது வருஷம் இருந்தது.

இந்தக் கலையின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. மார்க்லின் என்ற தகர பொம்மைக் கம்பெனி 1891-இல் லைப்சிக் சந்தையில் ரயில் பொம்மைகளை வைத்தது. அதற்கு முன்னும் பொம்மை ரயில்கள் இருந்தன. மார்க்லின் செய்த புதுமை, தண்டவாள அகலங்களுக்கு எண் போட்டு ஒழுங்கு செய்தது. இன்று ஒரு பெட்டி, அடுத்த தீபாவளிக்கு இன்னொரு பெட்டி என்று வாங்கினாலும் எல்லாம் ஒரே பாதையில் ஓடும். இங்கிலாந்தில் மெக்கானோ கண்டுபிடித்த பிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்து ஓடும் ரயில்களை விற்கத் தொடங்கினார். பிறகு வீடுகள் சிறுத்தன, ரயிலும் சிறுத்தது. '0' என்ற அளவில் பாதி என்பதால் 'ஹாஃப் ஜீரோ', அதைத்தான் 'ஹெச்.ஓ.' என்கிறார்கள். நிஜத்தில் 87 அடி என்றால் மாதிரியில் ஓர் அடி. உலகில் அதிகம் பேர் கையாளும் அளவு இதுவே.

நம் நாட்டில் இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொருளாகவே வெகுகாலம் இருந்தது. ஆனாலும் புனேயில் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் உழைப்பில் சேர்த்துக் கட்டிய சிறு ரயில் நகரத்தை 1998-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு சென்னை போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி என் பலகைக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற பின் நான் செய்ய நினைத்தது அரியலூர் ஸ்டேஷன். திருச்சி மாவட்டமாக இருந்த காலத்திலேயே பெரம்பலூர், அரியலூர் தாலுகா அலுவலகங்களில் மாறி மாறி எழுத்தராக உட்கார்ந்தவன் நான். அரியலூர் பிளாட்பாரத்தில் நான் காத்திருந்த மணிநேரத்தைக் கூட்டினால் ஒரு ஈட்டிய விடுப்புக் கணக்கு தேறும்.

முதலில் அளவு. மீட்டர்கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் பாதை. அரை மில்லிமீட்டர் பிழையோடு சமாதானம் செய்துகொண்டேன். ஒரு மீட்டர்கேஜ் பெட்டி சுமார் 19.5 மீட்டர், மாதிரியில் 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு கிலோமீட்டர் பாதை போட வேண்டுமென்றால் பதினொன்றரை மீட்டர் பலகை வேண்டும். என் பத்தடிப் பலகையில் அடங்குவது நிஜத்தில் 265 மீட்டர்தான். பதின்மூன்று பெட்டி எக்ஸ்பிரஸை நிறுத்தினால் எஞ்சின் பலகைக்கு வெளியே நிற்கும். எனவே நான்கு பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டேன். எதை விடலாம், எதை விட்டால் ஊரே மாறிப்போகும் என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் பாதி.

அடுத்தது, எந்த வருஷம்? இதைத் தீர்மானிக்காமல் ஒரு கைகாட்டிகூட நட முடியாது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சி போகும் இந்தக் 'கார்டு லைன்' 1920-களின் கடைசியில் வந்தது. கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றிப் போகும் பழைய மெயின் லைனைவிடத் தூரம் குறைவு. 1951-இல் சவுத் இந்தியன் ரயில்வே போய் சதர்ன் ரயில்வே வந்தது. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15-இல் விட்டார்கள், அதுவும் மீட்டர்கேஜ்தான். இப்போது அகலப்பாதை, இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி. நான் எடுத்துக்கொண்டது கரி எஞ்சின் காலம். ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் பயணி எஞ்சின்கள் 1949 முதல் 1970 வரை செய்யப்பட்டவை. ஓடும் அடிப்பாகத்தை வெளிநாட்டிலிருந்து என் மருமகன் வாங்கி அனுப்பினார். மேல் உடலைப் பால்பவுடர் டின்னிலும் அட்டையிலும் நானே வெட்டி ஒட்டினேன். மூன்று எஞ்சின் குப்பைக்குப் போனது, நான்காவது தேறியது.

சின்னச் சின்ன விவரங்களில்தான் ஊர் தெரியும். ஜல்லிக்கு மணலைச் சலித்து, அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டதை மட்டும் எடுத்துக் கோந்து கலந்து போட்டேன். சீமைக்கருவேல மரத்துக்குக் காய்ந்த புல்வேர். அதன் மேல் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். பனைமரத்துக்குத் துடைப்பக்குச்சியும் பெயிண்ட் பிரஷ் மயிரும். எல்லாம் முடிந்தும் அது அரியலூர் மாதிரி இல்லை. எந்த ஊராகவும் இருக்கலாம் போல் இருந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு புரிந்தது, தூசி இல்லை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலாக இருந்த பூமி அது. நத்தை, கிளிஞ்சல் எல்லாம் கல்லாகிக் கிடக்கிற சுண்ணாம்புப் பூமி. அதனால்தான் பக்கத்தில் டால்மியாபுரத்திலும் பிறகு அரியலூரிலும் சிமெண்ட் ஆலைகள் வந்தன. சுண்ணாம்பை மெல்லிய துணியில் கட்டி ஓட்டுக் கூரை, வேலி, பெஞ்சு எல்லாவற்றின் மேலும் ஒரு தட்டுத் தட்டினேன். அரியலூர் வந்து உட்கார்ந்துவிட்டது.

பலகையின் வலது கோடியில் ஒரு பாலம் இருக்கிறது. மருதையாற்றுப் பாலம். அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த காலம். 23-ஆம் தேதி விடியற்காலை அரியலூர் தாண்டி, கல்லகம் போய்ச் சேருமுன் மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை ஏற்கெனவே அரித்திருந்தது. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதே வருஷம் சில மாதங்களுக்கு முன் ஹைதராபாத் பக்கம் மகபூப்நகரில் பாலம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மறுபடி கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதால் அல்ல, பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதால். துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி.அழகேசன். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் பெயரையும் அரியலூரையும் எதுகையில் கோத்த முழக்கம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறியது. என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்றும் மனப்பாடம்.

இந்தக் கதையை என் பேரனுக்குச் சொன்னது என் தவறு. மறுநாளே அவன் பாலத்தின் ஒரு பக்கத் தண்டவாளத்தைத் தூக்கிவிட்டு, ரயிலை முழு வேகத்தில் விட்டான். எஞ்சின் கவிழ்ந்தது. அவன் கைதட்டினான். பால்பவுடர் டின் நசுங்கியதற்கு நான் கோபப்பட்டதாக அவன் நினைத்தான். எனக்கு வந்தது கோபம் இல்லை, கூச்சம். இத்தனை பேர் போன இடத்தை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டோமே என்று. பாலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோளக்காடு வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா வந்தார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய பெரியப்பா அந்த ரயிலில் போனவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பலகையை வெகுநேரம் பார்த்தார். பாலத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அளந்தார்.

"இம்புட்டுத்தானா தம்பி பாலம்?"

"அளவுப்படிதான் அக்கா. ஆறே சின்ன ஆறுதானே."

"தண்ணி எங்க?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டை 87-இல் ஒரு பங்காக்கலாம், மரத்தை ஆக்கலாம், தண்ணீரை ஆக்க முடியாது. சிறு ஓடையில் விட்ட தண்ணீர் துளித்துளியாகத் திரண்டு நிற்குமே தவிர ஆறு மாதிரிப் பாயாது. பூண்டியில் 1944-இலிருந்து அரசின் நீரியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆறு, அணைகளுக்கு மாதிரி கட்டி வெள்ளத்தைச் சோதிக்கிறார்கள். அதற்கே பெரிய பெரிய மைதானமும், வேகத்துக்குத் தனிக் கணக்கும் வேண்டியிருக்கிறது. என் பலகையில் மருதையாறு வறண்ட மணல்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் நிஜத்திலும் அப்படித்தான். அதுதான் அதன் ஆபத்தும். வறண்டு கிடக்கும் ஆற்றைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

இதை அக்காவிடம் சொல்லி, "பாலத்தை எடுத்துடப் போறேன்" என்றேன்.

"எதுக்கு எடுக்குற? எடுத்துட்டா நடக்காமப் போயிருமா? இருக்கட்டும். மெதுவா ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். நான்கு பெட்டிகளும் தாண்டி முடிகிற வரை அவர் கை பாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, விழுந்தால் பிடிக்கிற மாதிரி.

பாலம் இருக்கிறது. ஒரே ஒரு பொருள் கூடச் சேர்த்தேன். கரையில் கைவிளக்கோடு ஒரு கேங்மேன், ஒன்றேமுக்கால் சென்டிமீட்டரை ஒட்டிய உயரம். மழைக்காலத்தில் பாதையை நடந்து பார்க்கிற ஆள். சரித்திரத்தைத் திருத்துவதாக நினைக்க வேண்டாம். வண்டி ஓடுகிற ஒவ்வொரு இரவும் யாரோ ஒருவர் அப்படி நடந்தால்தான் நாம் படுத்துத் தூங்க முடிகிறது, அதற்காக.

பேரன் இப்போது வேறு கேள்வி கேட்கிறான். "தாத்தா, நம்ம பெரம்பலூர் ஸ்டேஷன் எங்க?" அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. மனு எழுதிக்கொடுத்தே என் கையெழுத்து திருந்தியது. இதில் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. மருதையாறு பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர்ச் சீமையைக் கடந்து, அரியலூர் போய்க் கொள்ளிடத்தில் சேர்கிறது. எங்கள் பக்கம் பெய்கிற மழைதான் அந்தப் பாலத்துக்கடியில் போகிறது. தண்ணீருக்கு இங்கிருந்து அங்கே வழி இருக்கிறது, ரயிலுக்குத்தான் இல்லை.

அரியலூர் மாவட்டம் 2007-இல் மறுபடி தனியாகப் பிரிந்த நாளும் நவம்பர் 23 தான். தற்செயல். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் இரண்டையும் நினைத்துக்கொள்கிறேன்.

பேரனுக்காகப் பலகையின் இடது கோடியில் ஒரு பாயிண்ட் போட்டு, ஒரு சாண் பாதையை மேற்கே திருப்பி வைத்திருக்கிறேன். முடிவில் ஒரு மஞ்சள் பலகை. அதில் ஊர்ப் பெயரை இன்னும் எழுதவில்லை. வண்டி வரட்டும், எழுதிக்கொள்ளலாம்.