எறியும் கையைப் படித்தவர்: பேஸ்போல் பயிற்றுநர் டொம் ஹவுஸ்

எல்லே விளையாடியவர்களுக்குப் பேஸ்போல் முற்றிலும் அந்நியமான ஆட்டம் அல்ல. அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வரவேண்டும். ஆனால் பேஸ்போலில் ஆட்டத்தின் உயிர் பந்தை எறிபவர்தான். 1995 இல் மெல்பேர்னில் முழங்கையை மடக்கி எறிகிறார் என்று சொல்லி முத்தையா முரளிதரனின் பந்துகளுக்கு நடுவர் ‘நோ போல்’ கொடுத்தாரே, அந்த மடக்கி எறிதல்தான் இங்கே தொழில். அதற்கு விலை தோளும் முழங்கையும். அந்தக் கைகளை நீண்ட காலம் உழைக்க வைப்பது எப்படி என்று ஆராய்ந்தவர் டொம் ஹவுஸ்.

1947 ஏப்ரல் 29 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தவர், இடக்கைக்காரர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அணியில் ஆடிய பின், 1971 முதல் 1978 வரை அட்லாண்டா பிரேவ்ஸ், பொஸ்டன் ரெட் சொக்ஸ், சியாட்டில் மரினர்ஸ் ஆகிய அணிகளுக்காக மேஜர் லீக்கில் எறிந்தார். வேகம் குறைவு. பெரிய நட்சத்திரமும் அல்ல.

இருந்தும் ஒரு நாள் அவருக்கு வாய்த்தது. 1974 ஏப்ரல் 8 இரவு ஹாங்க் ஆரன் தனது 715 ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். வெள்ளையரின் சாதனையைக் கறுப்பினத்தவர் முறியடிப்பதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. மைதான ஓரத்தில், மாற்று எறிபவர்கள் காத்திருக்கும் இடத்தில் நின்ற ஹவுஸ் அந்தப் பந்தைப் பிடித்து, ஓடிப்போய் ஆரனிடம் கொடுத்தார்.

ஆட்டத்தை விட்டபின் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1985 இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் பந்தெறிதல் பயிற்றுநரானார். அங்கே தன் எறிபவர்களை அமெரிக்கக் காற்பந்தை எறிந்து பழகச் சொன்னார். பலர் சிரித்தார்கள். காரணமோ எளிமையானது: இரு முனையும் கூரான அந்தப் பந்து, கையசைவு பிழைத்தால் சுழன்று போகாமல் தள்ளாடும். பிழை எறிந்தவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். பின்னாளில் ட்ரூ பிரீஸ், டொம் பிரேடி போன்ற காற்பந்து நட்சத்திரங்களே எறிதலைத் திருத்திக்கொள்ள அவரிடம் வந்தார்கள்.

1989 இல் ரேஞ்சர்ஸுக்கு வந்த நோலன் ரயன், பயிற்றுநரைவிட மூன்று மாதம் மூத்தவர்! வயது 42. எதிரணிக்கு ஒரு நல்ல அடியைக்கூட விட்டுக்கொடுக்காத ஆட்டத்தை ‘நோ ஹிட்டர்’ என்பார்கள். ரயன் தனது ஆறாவதையும் ஏழாவதையும் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் எறிந்தார். ஏழாவதின்போது அவருக்கு வயது 44.

2005 இல், விளையாடிய காலத்தில் ஸ்டீரொயிட் ஊக்கமருந்து எடுத்ததாக ஹவுஸ் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. ஏறிய உடல் எடை முழங்கால்களைப் பாதித்ததையும் மறைக்கவில்லை. என்னைக் கேட்டால், ஆரனின் பந்தைப் பிடித்ததைவிட இது பெரிய செயல்.

2008 இல் அவர் தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே பயிற்றுநராக இருந்தபோது இந்தியாவிலிருந்து இரு இளைஞர்கள் வந்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். ஒரு தொலைக்காட்சிப் போட்டி அவர்களைக் கண்டெடுத்தது. அதுவரை பேஸ்போல் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. சில மாதப் பயிற்சியின் பின், அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014 இல் வெளியான ‘மில்லியன் டொலர் ஆர்ம்’ திரைப்படம் இந்தக் கதைதான். அதில் ஹவுஸாக நடித்தவர் பில் பாக்ஸ்டன்.

படம் சொல்லாத மிச்சத்தையும் சொல்லவேண்டும். 2010 இல் தினேஷைக் கழகம் விடுவித்தது. ரிங்கு சில ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் எறிந்தார். பிறகு முழங்கையில் சத்திரசிகிச்சை. மேஜர் லீக்கை அவர் எட்டவில்லை. 2018 இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.